பாவாயியின் பூனை

"உங்க பொண்ணக் காணோமுங்க" என்று வகுப்பு டீச்சர் போனில் சொன்னபோது பிரணிதா ஆபீஸில் இருந்தாள். மீட்டிங்கைப் பாதியில் விட்டு ஓடினாள். கம்பெனி வாசலில் கிடைத்தது ஓட்டுநர் இல்லாத ஆட்டோ. சரவணம்பட்டியிலிருந்து சிங்காநல்லூர் வரை எல்லா சிக்னலிலும் அது ஒழுங்காக நின்று நின்று போயிற்று. கொஞ்சம் வேகமாப் போங்கண்ணா என்று கெஞ்சுவதற்குக்கூட அதில் ஆள் கிடையாது.

பள்ளிக்கூடமே தேடிக்கொண்டிருந்தது. மைதானம், மாடி, தண்ணீர்த்தொட்டி என்று ஓர் இடம் பாக்கியில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் முதல் மாடியில் யாரும் அதிகம் போகாத கழிப்பறையில் ஒரு கதவு மட்டும் தள்ளினால் திறக்காமல் இருந்ததை பிரணிதாதான் கண்டுபிடித்தாள். வாட்ச்மேன் உள்பக்கம் சிக்கிக்கொண்டிருந்த தாழ்ப்பாளைப் பெயர்த்தார். உள்ளே கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் பாவாயி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, கடையில் தன்னைக் கவனிக்காத ஆளைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்த்தாள்.

பாவாயிக்கு ஆறு வயது. பழைய பெயர்களுக்கெல்லாம் மறுபடி மவுசு வந்திருந்த காலம் அது. பெயர் வைத்தபோது ஆபீஸில் எல்லோரும் "செம ஸ்டைலா இருக்கு" என்றார்கள்.

மதிய வேளையில் சார்ஜ் போடுவதற்காக டீச்சர் கழற்றி வைத்திருந்த பட்டையை ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். பிரணிதா அதை மகளின் நெற்றியில் கட்டினாள். உடனே பட்டையிலிருந்து அந்த இனிமையான சின்னக் குரல் கேட்டது.

"ஏம்மா இவ்வளவு நேரம்? நான் உள்ள இருக்கறது உனக்குத் தெரியுமில்ல? டீச்சருக்கும் தெரியும். எல்லாரும் கதவு பக்கமா வந்து வந்து என் பேரச் சொன்னாங்க. யாருமே தொறந்துவிடல."

கூடியிருந்தவர்கள் பெருமூச்சு விட்டுச் சிரித்தார்கள். பிரணிதாவால் சிரிக்க முடியவில்லை. குழந்தைக்குத் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. கீழே விழுந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுவாள். கதவுக்கு வெளியே இத்தனை பேர் கூப்பிட்டும் ஒரு சத்தம் கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். காரணம் பயமில்லை. தான் உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்று மனசார நம்பியிருக்கிறாள்.

இனி அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரண்டு விரல் அகலம், நெற்றியைச் சுற்றிக் கட்டுகிற துணி. மனசில் ஓடுவதை அது பிடித்து, காதோரத்தில் இருக்கும் பொட்டு அளவு ஸ்பீக்கரில் பேச்சாக்கிவிடும். பேச்சு வராத குழந்தைகளுக்கென்று வந்தது. மூன்று வயதுவரை பாவாயி ஒரு வார்த்தை பேசியதில்லை. கோயம்புத்தூரில் அவள் நாக்கை நீட்டிக் காட்டாத டாக்டர் இல்லை. கடைசியாக ஒருவர் பட்டையை எழுதிக் கொடுத்தார். கட்டிய முதல் நாள், ஆஸ்பத்திரி அறையிலேயே அது பேசியது: "அம்மா, அந்த லைட்ட அணை. கண்ணு கூசுது." மூன்று வருடமாக எத்தனை விளக்குகள் இந்தக் கண்ணைக் கூச வைத்தனவோ என்று நினைத்து பிரணிதா தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த நன்றி அவளைவிட்டுப் போகவே இல்லை. அவள் கணவன் கவின்ராஜ் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை செய்பவன். ஆயுத பூஜைக்கு அவன் லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் சந்தனம் வைத்துவிட்டு வந்தால், வீட்டில் இவள் பட்டையின் சார்ஜருக்குக் குங்குமம் வைத்து, பூச்சுற்றி, சுண்டல் படைத்திருப்பாள். ஒயர் எரிந்துவிடும் என்று அவன் ஒவ்வொரு வருடமும் சொல்வான். அவள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

கழிப்பறை விஷயத்துக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஜெனோவா. தூத்துக்குடிக்காரி. குழந்தைகளின் மனம் எப்படி வளர்கிறது என்பதைப் படித்தவள். பிரணிதாவின் வயதுதான் இருக்கும். டாக்டருக்குரிய பவிசு எதுவும் இல்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். கவின்ராஜை மட்டும் வெளியே இருக்கச் சொன்னாள்.

தேன்மிட்டாய்ப் படம் ஒட்டிய ஒரு டப்பாவை எடுத்து நடுவில் வைத்தாள்.

"இதுல என்ன இருக்கு பாவாயி?"

"தேன்மிட்டாய்" என்றது பட்டை.

ஜெனோவா மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே முழுக்க சாக்பீஸ் துண்டுகள். பாவாயியின் முகம் விழுந்துபோயிற்று. ஜெனோவா டப்பாவை மூடினாள்.

"அப்பா வெளியதான உக்காந்திருக்காரு? இந்த டப்பாவ அவரு தொறந்தே பாக்கல. இப்ப உள்ள வந்தா, இதுக்குள்ள என்ன இருக்குன்னு நெனைப்பாரு?"

"சாக்பீஸ்."

"அவருதான் பாக்கலையே?"

"நான் பாத்தனே!"

கவின்ராஜைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பாவம், அவன் படத்தைப் பார்த்துவிட்டு "தேன்மிட்டாய்ங்க" என்றான். அவ்வளவுதான், பாவாயி எழுந்து போய் அப்பாவின் தொடையில் ஓங்கி அடித்தாள். "அப்பா வேணும்னே மாத்திச் சொல்றாங்க! தெரிஞ்சுக்கிட்டே மாத்திச் சொல்றாங்க!" என்று பட்டை அலறியது. எல்லாப் பிள்ளைகளையும் அடிக்கிறாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வாரம் தவறாமல் புகார் வரும்; ஏன் அடிக்கிறாள் என்பது பிரணிதாவுக்கு அந்த நிமிடம் புரிந்தது.

குழந்தையைப் பக்கத்து அறையில் விளையாட விட்டுவிட்டு ஜெனோவா அவர்களிடம் பேசினாள்.

"நாலஞ்சு வயசுல பெரும்பாலான பிள்ளைங்க, அப்பா தேன்மிட்டாய்னுதான் நெனைப்பாருன்னு சட்டுனு சொல்லிரும். நான் பாத்தது வேற, அவரு பாத்தது வேறன்னு அதுகளுக்குப் புரிஞ்சிருக்கும். உங்க பிள்ளைக்கு அறிவுல ஒரு குறையும் கெடையாது. தனக்குள்ள ஒரு ரூம் இருக்கு, அதுக்கு ஒரு கதவு இருக்குன்னு மட்டும் அவளுக்குத் தெரியாது. நெனைச்சது நெனைச்ச மாத்திரத்துல ஊருக்கே கேட்டுட்டா, கதவு எதுக்கு? தன் மனசுல உள்ளது எல்லாருக்கும் தெரியும்னு நெனைக்கா. அதனாலதான் அன்னைக்கு அவ சத்தம் போடல."

"மத்த கொழந்தைங்களுக்கு இத யாருங்க சொல்லிக் குடுக்கறாங்க?" என்று பிரணிதா கேட்டாள்.

"அம்மாமாருதான்." ஜெனோவா சிரித்தாள். "புரிஞ்சுக்கிடாம இருந்து சொல்லிக் குடுக்காங்க. பிள்ள தண்ணிக்கு அழும், நீங்க பொம்மையக் குடுப்பீங்க. தூக்கி வீசும், நீங்க பாலக் குடுப்பீங்க. அப்பத்தான் அதுக்கு ஒறைக்கும், 'ஓ, இவ வேற ஆளு போலுக்கு, நம்ம சொன்னாத்தான் தெரியும்'னு. அந்தத் தப்புல இருந்துதான் பேச்சு மொளைக்குது. உங்க பிள்ளைக்கு அந்தப் பாக்கியம் கெடைக்கல. மூணு வயசு வர நீங்க மொகத்தப் பாத்தே எல்லாம் செஞ்சு குடுத்தீங்க. அதுக்கப்பறம் பட்டை பாத்துக்கிடுது."

பிரணிதாவுக்குச் சுருக்கென்றது. அவள் பிறந்த வீட்டில் இதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைப் பார்த்து, இவருக்குத் தண்ணீரா மோரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாய்விட்டுக் கேட்கும்படி விட்டால் அது வீட்டுக்கே அவமானம். பெற்ற பிள்ளையைக் கேட்க வைப்பதா?

"பட்டையக் கழட்டணும்" என்றாள் ஜெனோவா.

கவின்ராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "பேசற புள்ளய ஊமையாக்கச் சொல்றீங்களா மேடம்?"

"அப்பிடித்தான் தெரியும். எல்லாப் பிள்ளைக்கும் நான் இதச் சொல்ல மாட்டேன். சில பிள்ளைங்களுக்குப் பட்டைதான் வாய், கடைசி வரைக்கும் அதுதான். பாவாயிக்குத் தொண்ட இருக்கு, காது இருக்கு, வார்த்தையும் நெறைய இருக்கு. வேண்டிய அவசியம்தான் இல்லாமப் போச்சு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் போனா இந்தக் கதவக் கட்டுறது ரொம்பக் கஷ்டம்."

"கழட்டினா பேசிருவாளுங்களா?"

ஜெனோவா டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "பட்டை கட்டி வளந்த முதல் கூட்டமே உங்க பிள்ளைங்கதான். எங்களுக்கும் முன்னபின்ன அனுபவம் கெடையாது. வரும்னு நெனைக்கேன். வராமலும் போகலாம். உங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

திரும்பும் வழியில் கவின்ராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிரணிதா மடியில் உட்கார்ந்திருந்த மகளின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். "அம்மா அழுவாதே. நாளைக்கு லீவா? பசிக்குது" என்று பட்டை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தது. இந்தக் குரலை நிறுத்துவதைவிடத் தன் கையை வெட்டிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வாளிமேல் உட்கார்ந்திருந்த அந்த முகமும் கண்ணைவிட்டுப் போகவில்லை. தான் செத்தபிறகு இந்தப் பெண் எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை நேரம் இப்படி உட்கார்ந்திருப்பாள்?

அந்த வார வெள்ளிக்கிழமை பட்டையைக் கழற்றினார்கள். கழற்றுவதற்கு முன்னால் பிரணிதா பட்டைக்கு நன்றி சொன்னாள். வாய்விட்டே சொன்னாள். "எங்களுக்காக இத்தன நாளாப் பேசினீங்க. இனி நாங்க பாத்துக்கறோம்." கவின்ராஜ் சிரிக்கவில்லை. அவனும் பட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பீரோவுக்குள் வைத்தான்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. முதல் சில நாட்கள் பாவாயி அம்மாவின் முன்னால் வந்து நிற்பாள், காத்திருப்பாள். தான் நினைத்தது நடக்கவில்லை என்றதும் சாமான்கள் பறக்கும். தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருங்கள் என்பதுதான் ஜெனோவா சொல்லியனுப்பிய ஒரே வைத்தியம். பிரணிதாவுக்கு அதைவிடக் கொடிய தண்டனை கிடையாது. மகளின் கண் தண்ணீர்க்குடத்தின் பக்கம் போகும்போதே இவள் கை தானாக டம்ளரை எடுத்துவிடும். எடுத்த கையை வலிக்க வலிக்கக் கீழே இறக்கி, "என்ன வேணும் கண்ணு? அம்மாவுக்குத் தெரியலையே" என்பாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

அப்பார்ட்மெண்டில் மேல்மாடி கீழ்மாடியெல்லாம் பேச்சு பரவிற்று. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தையைப் பெற்றவர்களே ஊமையாக்கிவிட்டார்கள் என்று லிஃப்டில் முகத்துக்கு நேரேயே ஒருத்தி சொன்னாள். பிரணிதா அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டாள். அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

அப்படியே இரண்டு மாதம் ஓடியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாவாயி அழ ஆரம்பித்தாள். வழக்கமான கோப அழுகை இல்லை. கேவிக் கேவி, மூச்சு வாங்க அழுதாள். தொட்டால் உதறினாள். வயிற்றைத் தடவினால் உதைத்தாள். இம்முறை பிரணிதா நடிக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

கவின்ராஜ் பீரோவைத் திறந்து பட்டையை எடுத்து வந்தான். "கட்டிக் கேட்டுரலாம் பிரணி. ஒரு நிமிஷம். எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கழட்டிரலாம்."

அவள் அதை வாங்கினாள். கட்டுவதற்காகவே வாங்கினாள். ஒரு தாய் வேறென்ன செய்வாள்? பட்டையைப் பார்த்ததும் பாவாயி அழுகையைச் சட்டென்று நிறுத்தினாள். பட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தில் இருந்த தவிப்பை முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தாள். பிரணிதா பட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குத் தெரியல சாமி. சத்தியமாத் தெரியல. நீ சொன்னாத்தான் அம்மாவுக்குத் தெரியும்."

பாவாயியின் உதடு கோணியது. தொண்டைக்குள் ஏதோ உரசியது. கை இடது பக்கமாகத் தலைக்குப் போயிற்று.

"கா...து" என்றாள்.

கரகரத்த, கட்டையான குரல். பட்டையின் தேன் குரலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சொல்லிவிட்டுப் பாவாயியே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிரணிதா மகளை வாரித் தூக்கிக்கொண்டு காது டாக்டரிடம் ஓடினாள். காதில் சீழ் பிடித்திருந்தது. காதுவலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன தாய் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். மகள் வலியில் துடிக்கும்போது இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் சந்தோஷப்பட்டாள்.

ஒரு வார்த்தை வந்ததும் மற்றவை மெல்ல மெல்ல வந்தன. எல்லாம் சேர்ந்து வரவில்லை. சில நாள் ஒரு வார்த்தைகூட இருக்காது. "வேணாம்" வந்தபிறகு ஒரு மாதம் வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. பட்டை போட்டிருந்த காலத்துச் சரளம் திரும்பவே இல்லை. வாக்கியம் நடுவில் நின்றுவிடும், கையால் மிச்சத்தைச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்தார்கள். அந்த வருத்தமும் இருக்கத்தான் செய்தது. ஜெனோவா மாதம் ஒருமுறை அந்த டப்பாவை நீட்டி, திறந்து பார்க்காத ஆள் இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பார் என்று கேட்பாள். பாவாயி "சாக்பீஸ்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். "கதவுக்குச் சட்டம் வந்துட்டு, பலகைதான் வரணும்" என்பாள் ஜெனோவா.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கவின்ராஜ் பேக்கரியில் தேங்காய் பன் ஒன்று வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அவனுக்கு அது உயிர். பிரணிதா துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய் வந்து பார்த்தால் பொட்டலம் கிழிந்து கிடக்கிறது. பன்னில் பாதி காணோம். பக்கத்தில் பாவாயி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கன்னமெல்லாம் சர்க்கரையும் தேங்காய்த்துருவலும்.

"பன்ன யாரு கண்ணு தின்னது?"

பாவாயி பன்னைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். ஏதோ பெரிய கணக்கைப் போடுகிற மாதிரி முகத்தைச் சுளித்தாள்.

"பூன" என்றாள்.

அது ஐந்தாவது மாடி. ஜன்னலெல்லாம் வலை அடித்தது. அந்தக் கட்டடத்திலேயே பூனை கிடையாது. பிரணிதாவின் வாயில் "அடிக் கள்ளி" என்று வந்தது. பாதியில் நின்றது. அவள் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இந்தக் குழந்தைக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: நான் தின்றது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது, அவள் மனசில் வேறொன்றை நான் வைக்கலாம்.

"பூனையா? எந்தப் பூன?" என்று கேட்டாள்.

"பெரிய பூன. போயிருச்சு."

"அப்பிடியா! கெட்ட பூனையா இருக்குதே" என்று பிரணிதா நம்பிவிட்டாள். அதாவது, நம்பியதாகக் காட்டிக்கொண்டு, குளியலறைக்குள் ஓடிப்போய் ஜெனோவாவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், பாவாயி பொய் சொல்லிட்டாளுங்க!"

மறுமுனையில் ஜெனோவா, "என்னன்னு?" என்றாள் மெதுவாக.

"தேங்கா பன்ன அவளே தின்னுட்டு, பூன தின்னுருச்சுங்கறா."

"நல்லா சொன்னாளா? மொகத்த நேராப் பாத்துச் சொன்னாளா?"

"மொகத்த நேராப் பாத்துத்தானுங்க சொன்னா!"

"பலகையும் வந்துட்டு" என்று கத்தினாள் ஜெனோவா. "பிரணிதா, கதவு வந்துட்டு! பிள்ளைய இன்னைக்கு மட்டும் கண்டிக்காதீங்க. நாளையில இருந்து கண்டிங்க, நானே சொல்லுதேன். ஏசுவே, இந்தப் பிள்ளைக்காக நான் எத்தன நாள் பயந்து செத்தேன் தெரியுமா?" அந்தப் பெண்ணும் பயந்தாள் என்பது பிரணிதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் அதை முகத்தில் காட்டாமலே இருந்திருக்கிறாள். பிரணிதா வேறெதுவும் சொல்ல வராமல் "நன்றிங்க, நன்றிங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கவின்ராஜ் கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்தான். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், மகள் பொய் சொன்ன விசேஷம் என்று எப்படிச் சொல்வது? "பாப்பாவுக்குப் பல்லு விழுந்துருச்சுங்க" என்று சமாளித்தான்.

அன்று சாயங்காலம் பிரணிதா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்து, ரிப்பன் கட்டி, பாவாயியைத் தன் பக்கம் திருப்பினாள். மாதக்கணக்காகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்த கேள்வி ஒன்று இருந்தது. அவள் அதைக் கேட்டுவிட்டாள்.

"பட்டையக் கழட்டிட்டனே... அம்மா மேல உனக்குக் கோவமா கண்ணு?"

பாவாயி அம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஏதோ வந்தது, போயிற்று. என்னவென்று பிரணிதாவால் பிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறவள், எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒன்றும் தெரியாமல் இருந்தாள்.

"இல்ல" என்றாள் பாவாயி.

நிஜமா, அம்மாவுக்காகச் சொன்னதா? பட்டை இருந்திருந்தால் நொடியில் தெரிந்திருக்கும். இனி இந்தப் பெண்ணாகச் சொன்னால்தான் உண்டு. சொல்வதும் எவ்வளவு உண்மை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பிரணிதாவுக்கு நெஞ்சில் ஒரு பக்கம் வலித்தது. அதே நெஞ்சு நிறைந்தும் போயிற்று. தன் முன்னால் ஒரு முழு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள். அவளை மடியில் இழுத்துக்கொண்டு உச்சியில் முத்தமிட்டாள். கண்ணீர் ரிப்பன்மேல் விழுந்தது.

பாவாயி தலையைத் திருப்பி, அம்மாவின் ஈரக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

"எதுக்கு... அழுவற?" என்றாள். "எனக்குத் தெரியல. நீ சொல்லு."

பிரணிதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணுல தூசி" என்றாள்.